தி பிளான்ட்

தி பிளான்ட் (செடி) என்பது அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் எழுதிய, முற்றுப்பெறாத தொடர் புதினம் ஆகும். பதிப்பகம் ஒன்றால் நிராகரிக்கப்பட்ட எழுத்தாளர் அங்கு அனுப்பும் விபரீதச் செடியைப் பற்றிய இக்கதை, கடிதங்கள், அலுவலகக் குறிப்புகள் வாயிலாகச் சொல்லப்படுகிறது. 1980களில் இதன் தொடக்கப் பகுதிகளைக் கிங் அச்சிட்டு நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக அனுப்பினார்.

இணைய வெளியீடு

2000 சூலையில் தமது இணையத்தளத்தில் இதனைத் தொடராக வெளியிடத் தொடங்கினார். முதல் மூன்று பகுதிகளின் விலை தலா 1 டாலர். பதிவிறக்கிய பின்னரும் பணம் செலுத்தலாம். குறைந்தது 75% பேர் செலுத்தினால் மட்டுமே தொடர் நீடிக்கும் என்பது நிபந்தனை. நான்காம் பகுதியின் விலை 2 டாலராக உயர்ந்தது. அதற்குப் பணம் செலுத்தியோர் பாதிக்கும் குறைவு. வேறு படைப்புகளில் ஈடுபடவிருப்பதாகக் கூறிய கிங், 2000 டிசம்பரில் ஆறாம் பகுதியுடன் தொடரை நிறுத்தினார். தவறாது பணம் செலுத்திய வாசகர்களுக்கும் கதையின் முடிவு கிடைக்கவில்லை.