குரல்கள் மறையுமுன்



மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்தவர் விக்தோர் துவாகின். 1966-இல் தம் முன்னாள் மாணவரான எழுத்தாளர் சின்யாவ்ஸ்கிக்காக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதனால் ஆசிரியப் பணியை இழந்தார். எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1967 முதல் ஒலிப்பதிவுக் கருவியுடன் முதியோரைத் தேடிச் சென்றார். புதுமைக் கவிஞர் மாயகோவ்ஸ்கியை நேரில் அறிந்த எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் பேசவைத்துப் பதிவு செய்தார். அறிஞர் பக்தினின் நினைவுகள் 1973-இல் அவ்வாறே பதிவாயின. 1982-இல் தாம் மறையும்வரை துவாகின் இப்பணியைத் தொடர்ந்தார். அன்று அச்சேற முடியாத செய்திகள் ஒலிநாடாவில் உயிர்பெற்றன.

நம் நாட்டிலும் இலக்கியப் புதுமை அரும்பிய காலம் ஒன்றுண்டு. 1950-இல் கோலாலம்பூர் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்திச் சிறுகதைக் கலையைக் கற்பித்தனர். 1924-இல் பிறந்த அவ்விதழ் 2019-இல் நின்றுபோயிற்று. அச்சான கதைகளை நூலகத்தில் தேடலாம். ஆனால், பகலெல்லாம் உழைத்தவர் எந்நேரத்தில் எழுதினார், யார் திருத்திக் கொடுத்தார், வீட்டார் என்ன சொன்னார் என்பவற்றை அறிந்தவர் வாய்திறந்தாலன்றி நாம் அறிய வழியில்லை.

பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ உங்கள் அண்டையில் மூத்த எழுத்தாளரோ நாடகக் கலைஞரோ இருந்தால், மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். கைப்பேசியே போதும். அவரைப் பற்றி மட்டுமன்றி, அவர் பழகிய மற்றவர்களைப் பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். துவாகின் கையாண்ட வழி அதுவே. நாளையும் இடத்தையும் தவறாமல் குறித்து வையுங்கள்.

ஏட்டைக் கறையானிடமிருந்து காத்த இனம் நாம். குரலையும் காப்போம்.