ஹெபடைடிஸ் சி சிகிச்சை டயாலிசிஸ் கட்டிலருகே நடக்க வேண்டும்

ஹெபடைடிஸ் சி என்றதும் கல்லீரல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் உடலில் நெடுங்காலம் தங்கிவிட்ட இந்த வைரஸ் சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. அதற்கு எதிராக உடல் சுரக்கும் புரதங்கள் சிலருக்குக் குளிரில் திரளும் கிரையோகுளோபுலின்களாக மாறி, சிறுநீரகத்தின் வடிமுடிச்சுகளில் படிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. காலில் செம்புள்ளி, சிறுநீரில் புரதமும் ரத்தமும், ரத்தத்தில் சி4 புரதக் குறைவு என்று வருபவருக்கு ஸ்டீராய்டு எழுதுமுன் வைரஸைத் தேட வேண்டும். இந்த உறவு எதிர்த்திசையிலும் செல்கிறது. டயாலிசிஸ் கூடத்தில் ரத்தம் படிந்த ஒரு கையுறை போதும், சிறுநீரக நோயாளிக்கு வைரஸும் சேர்ந்துவிடும்.

இன்டர்ஃபெரானும் ரிபாவிரினுமே சிகிச்சையாக இருந்த காலத்தில் சிறுநீரக நோயாளிகளுக்கு மருந்து இருந்தும் இல்லாத நிலைதான். ரிபாவிரின் ரத்தசோகையைக் கூட்டியது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தால் உறுப்பையே உடல் நிராகரிக்கும் அபாயம் இருந்தது. 2013 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய மருந்தான சோஃபோஸ்புவிர் அங்கே அப்போது 12 வாரத்துக்கு 84,000 டாலர். 2014 செப்டம்பரில் கிலியட் நிறுவனம் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு அதன் உற்பத்தி உரிமம் வழங்கியது. அவற்றுள் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரைட்ஸ் ஆர்கோலாபும் ஒன்று.

மருந்து ஊருக்கே வந்தும் சிறுநீரக நோயாளியை எட்டத் தயங்கியது. சோஃபோஸ்புவிரின் சிதைபொருள் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், செயலிழந்த சிறுநீரகத்துக்கு அது ஆகாது என்ற எச்சரிக்கை. மேலைநாடுகள் மாற்றாகக் கண்ட கிராசோபிரெவிர்–எல்பாஸ்விர் கூட்டு வைரஸின் முதலாம், நான்காம் மரபுவகைகளுக்கானது. இந்தியாவில் மிகுதி மூன்றாம் வகை. இங்குள்ள நோயாளிக்கு அந்த எச்சரிக்கை, நடைமுறையில், சிகிச்சையே இல்லை என்று பொருள்பட்டது. 2019 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு டயாலிசிஸ் நோயாளிக்கும் சோஃபோஸ்புவிர் கூட்டு மருந்தை அனுமதித்தது. 2022இல் உலகச் சிறுநீரக வழிகாட்டு அமைப்பான கேடிகோவும் ஏற்றது. சோஃபோஸ்புவிர் 400 மி.கி., வெல்படாஸ்விர் 100 மி.கி. சேர்ந்த ஒரே மாத்திரை, நாளுக்கு ஒன்று, 12 வாரம். 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் மருந்தை இலவசமாக்கியது.

ஆகவே இன்று தடை மருந்தில் இல்லை. பரிசோதனையை நாம் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. எதிர்ப்புரதப் பரிசோதனை தொற்றின் தழும்பைத்தான் காட்டும். குணமானவருக்கும் அது பாசிட்டிவாகவே நீடிக்கும். ரத்தத்தில் வைரஸின் ஆர்.என்.ஏ. உள்ளதா என்று பார்க்காமல், தொற்று உள்ளவர்களுக்கென ஒதுக்கிய ‘பாசிட்டிவ் மெஷினில்’ அவரை நிறுத்தினால், வைரஸ் நீங்கியவர் வைரஸ் உள்ளவர்களோடு மீண்டும் ஒரே மூலையில் சேர்க்கப்படுகிறார். ஒருமுறை குணமானதால் மறுதொற்றிலிருந்து காப்பு கிடைப்பதில்லை. தனி மெஷினைக் கேடிகோ பரிந்துரைக்கவும் இல்லை. கையுறை மாற்றுவதும் கை கழுவுவதுமே காக்கும் என்கிறது. தனி மெஷின் தரும் நிம்மதி அந்த ஒழுங்கைத் தளர்த்திவிடும் என்பதே என் அச்சம்.

இன்னொரு தடை தூரம். கல்லீரல் நிபுணர் வேறு கட்டடத்தில் இருந்தால், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்கே செலவாகும் ஒருவர் ஓசூரிலிருந்து நான்காம் நாளும் பஸ் ஏறிப் பெங்களூரு வருவாரா? சிறுநீரக மருத்துவரே எழுதட்டும் என்பது என் வாதம். இதற்கு மறுப்பு உண்டு. கல்லீரல் இழைநார் வளர்ச்சி (சிரோசிஸ்) உடையவரையும் ஹெபடைடிஸ் பி சேர்ந்தவரையும் நிபுணரிடம் அனுப்பத்தான் வேண்டும். ஆனால் மற்றவர்களிடத்தில் கவனிக்க வேண்டியவை சிறுநீரகப் பிரிவுக்கு அன்றாடம் பழகியவை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு சோஃபோஸ்புவிர்–வெல்படாஸ்விர் மாத்திரை பலிக்காது. பான்டோபிரசோல் போன்ற அமில மருந்து வெல்படாஸ்விர் உட்கிரகிப்பைக் குறைக்கும். டயாலிசிஸ் நோயாளியின் மருந்துச் சீட்டில் அதை எத்தனை முறை பார்க்கிறோம்!

உறுப்பு மாற்றத்தில் காலக்கணக்கு இன்னும் கூர்மையாகிறது. தாயோ மனைவியோ சிறுநீரகம் தர முன்வந்திருக்கும்போது, வைரஸை முதலில் நீக்க 12 வாரம் போதும். ஆனால் அந்த 12 வாரம் தொடங்க, டயாலிசிஸின் முதல் நாளிலேயே ஆர்.என்.ஏ. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்திருக்க வேண்டும்.