பெயர் நின்றவரும் பெயர் மறைந்தவரும்

கரிபியக் கடலின் கீழ்த்திசை விளிம்பில் அமைந்த சிறு தீவு ஆன்டிகுவா. அதன் தென்கரையிலுள்ள இங்கிலீஷ் துறைமுகத்தைக் குன்றுகள் சூழ்ந்துள்ளன. சூறாவளிக் காலத்திலும் கப்பல்கள் ஒதுங்கி நிற்பதற்கேற்ற இயற்கை அரண் அது. கரும்புத் தோட்டங்களால் செல்வம் கொழித்த தன் தீவுகளைக் காக்க, பிரிட்டிஷ் கடற்படை 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றை நிறுவியது. வெப்பக் கடலில் மரக்கப்பலின் அடிப்பாகத்தைப் புழுக்கள் துளைத்துவிடும். ஆதலின், கப்பலைக் கயிறுகளால் இழுத்து ஒருபுறம் சாய்த்து, அடிப்பாகத்தைச் சுரண்டிச் செப்பனிடுதல் இன்றியமையாத பணியாயிற்று.

இன்று அவ்விடம் 'நெல்சன் கப்பல்தளம்' என்றே வழங்குகிறது. ஆனால், ஹொரேஷியோ நெல்சன் கப்பல் தலைவராக அங்குப் பணியாற்றியது 1784 முதல் 1787 வரை, மூன்றாண்டுகளே. தளத்தின் வரலாற்றைக் கூறும் அருங்காட்சியகம், 1855இல் கடற்படை அலுவலர்க்கெனக் கட்டப்பட்ட இல்லத்தில் இயங்குகிறது. நெல்சனோ 1805இலேயே டிரபால்கர் போரில் உயிர் துறந்தவர். அவ்வில்லத்தின் படியை அவர் மிதித்ததே இல்லை.

அவ்வாறாயின், அத்தளத்தை ஆக்கியவர் யாவர்? நிலத்தைச் சமன்செய்தும், கல் சுமந்தும், மரம் அறுத்தும், கப்பல்களைச் சாய்த்தும் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்களே ஆவர். 1744 மார்ச் 8ஆம் நாள் நேர்ந்த வெடிமருந்து விபத்தில் அவர்களுள் எண்மர் மாண்டனர். அருங்காட்சியகம் அந்நாளின் பெயரையே தன் ஆய்வுத் திட்டத்திற்குச் சூட்டி, தளத்தில் உழைத்த அடிமைகளின் பெயர்களைப் பழைய ஆவணங்களிலிருந்து திரட்டும் பணியை மேற்கொண்டது. அந்த ஆவணங்கள் மனிதரைப் போற்றுவதற்காக எழுதப்பட்டவை அல்ல, நிர்வாகத்திற்காக எழுதப்பட்டவை. ஆயினும், மறைந்தவர்தம் பெயர்களைக் காத்து வைத்தவை அவையே.

1834 ஆகஸ்டு 1ஆம் நாள் ஆன்டிகுவாவின் அடிமைகள் விடுதலை பெற்றனர். 1889இல் கடற்படை தளத்தைக் கைவிட்டது. 1951இல் தொடங்கிய சீரமைப்பு முயற்சியின் பயனாக, 1961இல் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2016இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் அது ஆன்டிகுவா கடற்படைத் தளம் என்றே குறிக்கப்பட்டுள்ளது; நெல்சன் பெயர் அதில் இல்லை.

நெல்சனின் வீரத்தை மறுப்பது இதன் நோக்கமன்று. பெயர்ப்பலகை வரலாற்றின் ஒரு வரி மட்டுமே. எஞ்சிய வரிகள் ஆவணங்களிலும் கற்களிலும் புதைந்து கிடக்கின்றன. பழங்கட்டடம் ஒன்றைக் காணும் மாணவர், 'இஃது யார் பெயரால் வழங்குகிறது?' என்பதோடு நில்லாமல், 'இதனை எழுப்பிய கைகள் யாருடையவை?' என்றும் வினவுதல் வேண்டும். வரலாற்றுக் கல்வி அந்த இரண்டாம் வினாவிலேதான் தொடங்குகிறது.