தூத்துக்குடி டு குல்மார்க்: முதல் பனிச்சறுக்குக்கு எதை வாங்கணும், எதை வாடகைக்கு எடுக்கணும்?

மார்கழியிலகூட ஃபேன் போட்டுத் தூங்குற ஊர் தூத்துக்குடி. அங்கிருந்து குல்மார்க்குக்கோ ஔலிக்கோ பனிச்சறுக்கு கத்துக்கக் கிளம்பினா, பீரோவைக் குடைஞ்சாலும் ஒரு ஸ்வெட்டர் தேறாது. உடனே ஆன்லைன்ல இருக்கிறதுலேயே தடிமனான ஜாக்கெட்டை ஆர்டர் போடுவோம். முதல் தப்பு அதுதான்.

குளிரைவிட இங்கே பெரிய எதிரி ஈரம். புதுசா கத்துக்கிறவங்க விழுந்து விழுந்து எழுந்திருக்கணும். நல்லா வியர்க்கும். காட்டன் பனியன் அந்த வியர்வையைக் குடிச்சு வெச்சுக்கும். கொஞ்ச நேரம் சும்மா நின்னாலே உடம்பு வெடவெடன்னு ஆகிடும். கடல்ல குளிச்சிட்டு ஈரத்துணியோட பைக் ஓட்டினவங்களுக்குப் புரியும். அதனால உடம்பை ஒட்டுற தெர்மல் கம்பளியிலோ பாலியஸ்டரிலோ இருக்கட்டும். அதுக்கு மேல ஃப்ளீஸ். வெளியே தண்ணியும் காத்தும் புகாத ஜாக்கெட், பேன்ட். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்.

சாக்ஸ் ஒரே ஜோடிதான், முழங்கால் வரைக்கும். ரெண்டு போட்டா ரத்த ஓட்டம் தடைபட்டு கால் இன்னும் சில்லிடும். பூட்ஸை வாடகைக்கு எடுக்கும்போது நேரா நின்னு பாருங்க, விரல் நுனி முன்பக்கம் லேசா தொடணும். முட்டியை மடக்கினா விலகணும். 'லூஸா இருந்தா சௌகரியம்'னு பெரிய சைஸ் எடுத்தா, கால் ஒரு பக்கம் திரும்பும், ஸ்கீ அது பாட்டுக்குப் போகும்.

அடுத்தது கண். நம்ம உப்பளத்துல உச்சிவெயில்ல நின்னா வெளிச்சம் கீழேயிருந்தும் அடிக்கும் இல்லையா? பனியும் அப்படித்தான். புதுப் பனி புற ஊதாக் கதிர்கள்ல 80 சதவிகிதம் வரைக்கும் திருப்பி அனுப்பும். குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்துல இருக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் அந்தக் கதிர்களோட வீரியம் ஏறத்தாழ 10 சதவிகிதம் கூடும். கண்ணாடி இல்லாம சுத்தினா கருவிழியே வெந்துபோகலாம். வலி சில மணி நேரம் கழிச்சுதான் தெரியும். மேகமூட்டமா இருந்தாலும் யு.வி. தடுப்பு காகிள்ஸைக் கழட்டாதீங்க. சன்ஸ்க்ரீனைத் தாடைக்கு அடியிலயும் தடவுங்க.

தெர்மல், சாக்ஸ், தண்ணி புகாத கையுறை, காகிள்ஸ் இவற்றை மட்டும் சொந்தமா வாங்குங்க. ஸ்கீ, பூட்ஸ், கோல், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவைகூடப் போடாத ஜாக்கெட்டுக்கும் வாடகையே போதும், ஜிப் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க. ஹெல்மெட் இல்லாம மட்டும் சரிவுல இறங்காதீங்க.

அப்புறம், போன். குளிர்ல பேட்டரி சரசரன்னு இறங்கும். ஜாக்கெட்டோட உள்பாக்கெட்ல, உடம்புச் சூடு படுற மாதிரி வெச்சுக்கோங்க. விழுறதை வீடியோ எடுக்கணும்ல!