கடற்காவலின் வான்குதிரை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் நம் முன்னோர். தேருக்கு உரைத்த இம்மொழி, நடுக்கடலில் தத்தளிப்போரைத் தூக்கி வரும் ஹெலிகாப்டருக்கும் முற்றும் பொருந்துவதாகும். அத்தகைய ஊர்தியின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், அஃது உதிரிப் பாகங்களின் வரலாறாகவும் விளங்குவதை நாம் காண்கிறோம்.

பிரெஞ்சு நாட்டின் சூட் ஏவியேஷன் நிறுவனம் படைத்த அலுவெத் 3 என்னும் ஹெலிகாப்டர், 1959 பிப்ரவரி 28-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. மறு ஆண்டிலேயே இமயமலையில் 6,000 மீட்டர் உயரத்தில் இறங்கி ஏறிக் காட்டிற்று. மலையும் கடலும் எல்லைகளாக வாய்ந்த நம் நாடு, அதனை இங்கேயே கட்டுதற்கு 1962-இல் உரிமம் பெற்றது. பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் உருவான முதல் ஹெலிகாப்டர் 1965-இல் வெளிவந்தது. ராணா பிரதாபரின் குதிரையாகிய சேதக்கின் பெயர் அதற்குச் சூட்டப்பெற்றது.

விமானம் ஒன்றை விலைக்கு வாங்குவது வேறு. அதனை ஆக்கும் உரிமையைப் பெறுவது வேறு. முன்னதில், பழுதுற்ற ஒவ்வொரு பாகத்திற்கும் விற்றவரையே எதிர்நோக்க வேண்டும். தொடக்கத்தில் பிரான்சிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டிய பெங்களூர்த் தொழிலாளர், நாளடைவில் உடற்பகுதியையும் ஆர்த்தூஸ்த் எஞ்சினையும் தாமே செய்யலாயினர். 1980-களில் பிரான்சில் இதன் உற்பத்தி ஓய்ந்தபோது, இங்கே பணி ஓயாதிருந்தது இதனாலன்றோ! 300-க்கும் மேற்பட்ட சேதக்குகள் இங்கு உருவாயின.

1977 பிப்ரவரி முதல் நாள் இடைக்கால அமைப்பாகத் தோன்றிய கடலோரக் காவற்படை, 1978 ஆகஸ்டில் சட்டத்தின்வழி நிலைபெற்றது. 1982 மே 22-ஆம் நாள் கோவாவில் அமைந்த அதன் முதல் விமானப் பிரிவு, சேதக்குகளைக் கொண்டே தொடங்கிற்று. கப்பலின் சிறு தளத்திலும் இறங்கவல்லது சேதக். அலைமேல் நிலைத்து நின்று, கயிற்றை இறக்கி மனிதரை மேலே இழுக்கவும் வல்லது.

எனினும் அதற்கு எஞ்சின் ஒன்றே. கடலின்மேல் அது நின்றுவிடின், மீட்கச் சென்றவரே மீட்கப்பட வேண்டியவராவர். உப்புக் காற்றோ உலோகத்தை அரிக்கும். ஆதலின் கடற்பறப்பு முடிந்ததும் நன்னீரால் கழுவுவர். முக்கியப் பாகங்களுக்குப் பறக்கும் மணிக்கணக்கில் ஆயுள் வகுக்கப்பட்டுள்ளது. அது முடிந்ததும், பார்வைக்குப் பழுதின்றி இருப்பினும், அவற்றைக் கழற்றிவிடுவர். பாகத்தின் பிறப்பும் உழைப்பும் ஏட்டில் குறிக்கப்படும். ஏடில்லாத பாகம் புத்தம் புதிதாக மின்னினும் பூட்டத் தகுதியற்றது.

பின்னர் இரட்டை எஞ்சின் கொண்ட துருவ் நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பெற்று, 1992 ஆகஸ்டு 20-ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. கடலோரக் காவற்படையிலும் சேர்ந்தது. ஆயினும் 2025 ஜனவரி 5-ஆம் நாள் போர்பந்தரில் ஒரு துருவ் வீழ்ந்து மூவர் உயிர்நீத்தபோது, நாடெங்கும் துருவ்கள் பறவாது நிறுத்தப்பெற்றன. எஞ்சின் இரண்டாயினும் ஆராய்ச்சியும் ஐயமும் நீங்கினாலன்றிப் பறத்தல் தகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

பெங்களூர்த் தொழிற்கூடங்களில் நம்மவர் பலர் உழைக்கின்றனர். கடைசல் எந்திரத்தின்முன் நின்று ஓர் இரும்புத் துண்டை அளவு பிசகாமல் கடைபவர் கடலையே கண்டிராதவராக இருக்கலாம். ஆயினும் புயலில் கவிழ்ந்த படகைப் பற்றி மிதக்கும் மீனவரை நோக்கி இறங்கும் கயிற்றில், அவருடைய கையும் இருக்கிறது.