பழைய கிரெடிட் கார்டு கடனும் சம்பள ஜப்தியும்: நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாதக் கடைசியில் சம்பளம் ஏறிய குறுஞ்செய்தி வருகிறது. தொகையில் எட்டாயிரம் ரூபாய் குறைகிறது. அலுவலகத்தில் கேட்டால், "கோர்ட் உத்தரவு வந்திருக்கு பாய், நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்கிறார்கள். பல வருடங்களுக்கு முன் தங்கையின் நிக்காஹ் செலவுக்காகத் தேய்த்த கிரெடிட் கார்டு அது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஃபோன் வருவது நின்றுபோனதால், கடனும் முடிந்துபோனது என்று அவர் நினைத்திருந்தார்.

நம் சமுதாயத்தில் வட்டிக் கடன் என்பது வெளியே சொல்ல வெட்கப்படும் விஷயம். வெட்கப்பட வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வெட்கத்தால் தபாலைப் பிரிக்காமல் அலமாரியில் ஒளித்துவைப்பதுதான் பல குடும்பங்களைச் சம்பள ஜப்தி வரை கொண்டுபோகிறது.

எந்த வங்கியும் தானாகவே நம் முதலாளிக்குக் கடிதம் எழுதிச் சம்பளத்தைப் பிடிக்க முடியாது. முதலில் வழக்குப் போட வேண்டும், நமக்குச் சம்மன் வர வேண்டும், தீர்ப்பு வர வேண்டும், அதன்பின் தீர்ப்பை நிறைவேற்றக் கோரித் தனியாக மனுப் போட வேண்டும். தீர்ப்பாகி 2 வருடம் கடந்துவிட்டால் நிறைவேற்று மனுவுக்கும் நமக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஆக, சம்பளத்தில் கை வைப்பதற்குள் ஒன்றிரண்டு முறையாவது நீதிமன்றக் கவர் நம் வாசலுக்கு வந்திருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. கார்டு கொடுத்த அதே வங்கியில் சம்பளக் கணக்கும் இருந்தால், பாக்கியைக் கணக்கிலிருந்து நேரே எடுத்துக்கொள்ளும் உரிமையை விண்ணப்பத்திலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். பாக்கி இருக்கும் வங்கியில் சம்பளக் கணக்கை வைத்திருக்காமல் இருப்பது நல்லது.

தபால்காரரிடம் "வேண்டாம்" என்று திருப்பி அனுப்பினால் தப்பித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வாங்க மறுத்த சம்மன், சட்டப்படி வந்து சேர்ந்த சம்மனாகவே கருதப்படும். ஆளில்லாத வீட்டின் கதவில் ஒட்டிவிட்டுப் போனாலும் அப்படித்தான். நாம் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு ஆகிவிடும். வங்கி சொன்ன அசல், வட்டி, தாமதக் கட்டணம், அபராதம் எல்லாம் கேள்வி கேட்க ஆளில்லாமல் அப்படியே நம் தலையில் ஏறும்.

சாதாரணப் பண வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், நீதிமன்றம் அனுமதித்தால் 90 நாள் வரை அவகாசம் உண்டு. சுருக்க விசாரணை வழக்காக இருந்தால் 10 நாளுக்குள் ஆஜராவதைத் தெரிவிக்க வேண்டும். எனவே கவர் வந்த அன்றே வக்கீலிடம் காட்டிவிட வேண்டும். ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஏற்கெனவே ஆகிவிட்டதா? தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அதை நீக்கக் கோரி மனுப் போடலாம். சம்மன் முறையாக நம்மிடம் சேரவே இல்லை என்றால், தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாள் தொடங்கும். பழைய வாடகை வீட்டு முகவரிக்கே சம்மன் போய்க்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய கதவு. நடுவர் ஒருவரை வைத்து முடித்த வழக்கு என்றால் 3 மாதக் கெடு. அந்த நடுவரை வங்கியே தன்னிச்சையாக நியமித்திருந்தால் அதையும் ஆட்சேபிக்கலாம்.

எவ்வளவு பிடிக்கலாம்?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு இதற்கு எல்லை வகுத்திருக்கிறது. மாதச் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைத் தொடக்கூடாது. மீதியிலும் மூன்றில் இரண்டு பங்கைத் தொடக்கூடாது. அதாவது 25,000 ரூபாய் சம்பளம் என்றால், 1,000 போக மீதி 24,000. அதில் மூன்றில் ஒரு பங்கான 8,000 ரூபாய்தான் அதிகபட்சம். 17,000 ரூபாய் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும். (மனைவி, பிள்ளைகளுக்கான ஜீவனாம்சத் தீர்ப்புக்குக் கணக்கு வேறு, அதில் கூடுதலாகப் பிடிக்கலாம்.)

கூலித் தொழிலாளர்கள், வீட்டு வேலை செய்பவர்களின் கூலியை ஜப்தி செய்யவே முடியாது. வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை, ஆயுள் காப்பீட்டுத் தொகை, அரசு ஓய்வூதியம் ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டு.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, ஒரே தீர்ப்புக்காகச் சம்பளத்தை மொத்தம் 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது என்பது. தொடர்ந்து பிடித்தாலும் விட்டுவிட்டுப் பிடித்தாலும் கணக்கு 24 மாதம்தான். மேலே சொன்ன உதாரணத்தில் அது 1,92,000 ரூபாய். கடன் அதற்கு மேல் இருந்தால் வங்கி வேறு சொத்தைத் தேடிப் போகலாம், ஆனால் அந்தத் தீர்ப்பைக் காட்டிச் சம்பளத்தைத் தொட முடியாது. 25-வது மாதமும் பிடித்தம் தொடர்ந்தால், அலுவலகத்தில் சண்டை போடுவதால் பயனில்லை. உத்தரவை மீறினால் அந்தத் தொகைக்கு அவர்களே பொறுப்பாவார்கள், அதனால் பயப்படுவார்கள். மனுவை நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். எந்தெந்த மாதம் எவ்வளவு பிடித்தார்கள் என்பதற்குச் சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

"ஜெயிலுக்கு அனுப்பிவிடுவோம்" என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். கட்ட வசதியிருந்தும் வேண்டுமென்றே ஏமாற்றுபவரைத்தான் சிவில் சிறைக்கு அனுப்ப முடியும், வெறும் வறுமைக்காக அனுப்ப முடியாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவே சட்டம் அனுமதிக்கவில்லை. ஆனால் வசூல் ஏஜெண்டிடம் பின்தேதியிட்ட காசோலை கொடுத்து அது திரும்பினால் கதை வேறு. அது குற்ற வழக்கு. எனவே காசோலை மட்டும் கொடுக்காதீர்கள். ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கக்கூடாது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்தக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

காலாவதியான கடன்

கடைசியாகப் பணம் கட்டியோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டோ 3 வருடம் கடந்துவிட்டால், பொதுவாக வங்கி வழக்குப் போட முடியாது. போட்டாலும் காலாவதியான வழக்கை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய வேண்டும். ஆனால் அந்தக் காலத்துக்குள் தீர்ப்பு வாங்கிவிட்டார்கள் என்றால், அதை நிறைவேற்ற 12 வருடம் இருக்கிறது. பழைய கடன் திடீரென்று சம்பளத்தில் வந்து நிற்பது இப்படித்தான். காலாவதியான கடனுக்கு "கட்டிவிடுகிறேன்" என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புதிய ஒப்பந்தமாகிவிடும். எதிலும் கையெழுத்திடுமுன் தேதிகளைப் பாருங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. சட்டத்தில் காலாவதி ஆவது, அல்லாஹ்விடம் காலாவதி ஆவதாகாது. கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபி (ஸல்) அவர்கள் முன்வராமல் நின்றதும், அபூ கதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்ததும் நமக்குத் தெரியும். வட்டியும் அபராதமும் சேர்ந்து பெருகிய தொகையை எதிர்த்து வாதாட நமக்கு முழு உரிமை உண்டு. வாங்கிச் செலவழித்த அசல் வேறு. வங்கி கேட்காவிட்டாலும் அது நம் கழுத்தில் இருக்கிறது. எதை அசலாகக் கணக்கிடுவது என்பதில் குழப்பமிருந்தால் கார்டு அறிக்கைகளோடு ஓர் ஆலிமைப் பாருங்கள்.

கடனை அடைக்க நகையை அடகு வைப்பதும் இன்னொரு கார்டு வாங்குவதும் ஒரு வட்டியை விட்டு இன்னொரு வட்டிக்குள் போவது. ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் மூழ்கியவர்களும் இருக்கிறார்கள் (9:60). ஜமாஅத்தின் பைத்துல்மாலில் கேட்பது பிச்சையல்ல. நிர்வாகிகளும் பெயரை வெளியில் விடாமல் உதவ வழி செய்ய வேண்டும். பல ஊர்களில் இந்த ஒரு குறைக்காகவே ஆட்கள் வருவதில்லை.

வங்கியோடு பேசுவதானால் வழக்கு முடியுமுன் பேசுவதே நல்லது. தீர்ப்புச் சொல்லும்போது நீதிமன்றமே தவணை கொடுக்கலாம், தீர்ப்புக்குப் பின் தவணைக்கு வங்கியின் சம்மதம் வேண்டும். மக்கள் நீதிமன்றத்தில் தள்ளுபடியோடு முடித்துக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. ஆனால் அங்கே போடும் கையெழுத்துக்கு மேல்முறையீடு கிடையாது, அது தீர்ப்புக்குச் சமம். மாதம் 3,000 கட்ட முடிகிறவர் கூச்சத்தில் 6,000 என்று தலையாட்டிவிட்டு வந்தால், தவணை தவறியதும் அதையே காட்டிச் சம்பள ஜப்திக்கு வருவார்கள். கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்காமல் விடாதீர்கள்.

வளைகுடாக் கடன்

அமீரகத்தில் கார்டு பாக்கியை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர்கள் "அங்கே உள்ளது அங்கேயே" என்று இருந்துவிட முடியாது. 2020 ஜனவரி 17 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பின்படி, ஐக்கிய அரபு அமீரக நீதிமன்றங்களின் பணத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, உள்ளூர்த் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். அதில் சம்பள ஜப்தியும் அடங்கும். நமக்கு உரிய நோட்டீஸ் தராமலோ, வழக்கின் தகுதியை ஆராயாமலோ தந்த தீர்ப்பு என்றால் 13-வது பிரிவின் கீழ் இங்கே ஆட்சேபிக்கலாம்.

கார்டுதாரர் இறந்துவிட்டால் வங்கி அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து மட்டுமே கேட்க முடியும். பாகப்பிரிவினைக்கு முன் கடனை அடைக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டமும்கூட. சொத்தே இல்லாத இடத்தில், ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவியின் சம்பளத்தையோ மகனின் சம்பளத்தையோ கேட்க வங்கிக்கு உரிமையில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் ஏஜெண்ட் வந்து கையெழுத்துக் கேட்டால், போட வேண்டாம்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்குபவர்கள் அந்தந்த மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலும், ஆண்களுக்குக் குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்டும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருகிறார்கள். தொலைபேசி எண் 15100. போகும்போது சம்மன் கவரையும் (மேலே உள்ள தபால் முத்திரைத் தேதி முக்கியம்), கார்டு அறிக்கைகளையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.