வழங்கப்படாத நாணயம்: 1933ஆம் ஆண்டு அமெரிக்கப் பொற்காசின் வரலாறு

முன்னுரை

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. கைம்மாறும் காசு ஒன்று; சொல் தவறா நேர்மை மற்றொன்று. உலோகத் துண்டின்மேல் அரசு பொறிக்கும் முத்திரை, அதன் மதிப்பிற்கு அரசு அளிக்கும் உறுதிமொழி ஆதலின், இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தமை பொருத்தமே எனலாம். அவ்வுறுதிமொழி அளிக்கப்படாமலேயே அடிக்கப்பட்ட பொற்காசு ஒன்று உண்டு. 1933ஆம் ஆண்டினைத் தாங்கிய அமெரிக்க இருபது டாலர் காசே அது. ஏறத்தாழ நான்கரை இலட்சம் அடிக்கப்பட்ட அக்காசுகளுள் ஒன்றே ஒன்றுதான் தனியார் உடைமையாக இருப்பதற்குச் சட்ட ஒப்புதல் பெற்றுள்ளது. நாணயம் சேகரிப்போர் அதனைப் பெரிதும் விரும்புவதன் காரணத்தை அதன் வரலாற்றின் வழி ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசின் தோற்றமும் வடிவமும்

1848ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பொன் கண்டறியப்பட்டது. அங்கிருந்து பெருகிவந்த பொன்னைக் காசாக்கும் தேவை எழவே, 1849ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இருபது டாலர் பொற்காசுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. அதுவரை வழங்கிய பத்து டாலர் காசு ‘கழுகு’ எனப்பட்டமையால், புதிய காசு ‘இரட்டைக் கழுகு’ எனப் பெயர் பெற்றது. அதன் எடை 33.436 கிராம், குறுக்களவு 34 மில்லி மீட்டர். பத்தில் ஒன்பது பங்கு பொன்னாக அமைந்த அக்காசில் 30 கிராமுக்குச் சற்று மிகுதியான தூய பொன் இருந்தது.

பழங்கிரேக்கக் காசுகளின் புடைப்புருவ அழகில் ஈடுபட்ட குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட், தம் நாட்டுக் காசுகளும் அவ்வாறு அமைய வேண்டுமென விரும்பிச் சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் என்பாரிடம் அப்பணியை ஒப்படைத்தார். ஒரு கையில் தீப்பந்தமும் மறு கையில் ஒலிவக் கிளையும் ஏந்தி, கதிரொளி பின்னணியில் விளங்க முன்னோக்கி நடந்துவரும் விடுதலைத் தேவி ஒருபுறம். கதிரவனுக்கு மேலாகப் பறக்கும் கழுகு மறுபுறம். இவ்வடிவத்தை ஆக்கிய சிற்பி 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், காசு வழக்கிற்கு வருமுன்னரே மறைந்தார். மிகுந்த புடைப்புடன் அமைந்த முதற்காசுகளைப் பொறியில் பன்முறை அழுத்த வேண்டியிருந்தது. அதனால் அச்சுச்சாலையின் தலைமைச் செதுக்குநரான சார்லஸ் பார்பர் புடைப்பைக் குறைத்தமைத்தார். அவ்வடிவமே 1933 வரை தொடர்ந்தது. ஆகவே நாம் ஆராயும் காசின் வடிவம் அரிதானதன்று. அதே வடிவில் இலட்சக்கணக்கான காசுகள் முந்தைய ஆண்டுகளில் வழங்கியுள்ளன.

அடிக்கப்பட்டும் வழங்கப்படாமை

1933ஆம் ஆண்டு மார்ச்சு 4ஆம் நாள் பிராங்க்ளின் ரூசுவெல்ட் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது நாட்டின் வங்கிகள் நிலைகுலைந்திருந்தன. மக்கள் தம் வைப்புத் தொகையைப் பொன்னாக மீட்டுப் பதுக்கி வந்தனர். ஆதலின் மார்ச்சு 6ஆம் நாள் வங்கிகளை மூடவும், பொன் வெளிச்செல்வதைத் தடுக்கவும் அவர் ஆணை பிறப்பித்தார். ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்த மற்றோர் ஆணை, மே முதல் நாளுக்குள் மக்கள் தம்மிடமுள்ள பொற்காசுகளை ஒப்படைக்க வேண்டுமெனக் கூறியது. ஆள் ஒருவருக்கு நூறு டாலர் அளவிற்கும், சேகரிப்போர் சிறப்பாக மதிக்கும் அரிய காசுகளுக்கும் அவ்வாணை விலக்கு அளித்தமை ஈண்டுக் கருதத்தக்கது. 1934ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின்னர் ஓர் அவுன்சு பொன்னின் விலை 20.67 டாலரிலிருந்து 35 டாலராக உயர்த்தப்பட்டது.

மார்ச்சு ஆணை பொன் வெளிச்செல்வதைத் தடுத்ததேயன்றிக் காசடிப்பதைத் தடுக்கவில்லை. எனவே பிலடெல்பியா அச்சுச்சாலையில் மார்ச்சு நடுப்பகுதி தொடங்கி மே வரை 4,45,500 இரட்டைக் கழுகுகள் அடிக்கப்பட்டன. இரண்டு காசுகள் சுமித்சோனியன் நிறுவனத்திற்கு அளிக்கப்பட்டன. ஏனையவை 1937ஆம் ஆண்டில் உருக்கிக் கட்டிகளாக்கப்பட்டன; அல்லது அவ்வாறே கருதப்பட்டது.

அதே 1933ஆம் ஆண்டின் பத்து டாலர் காசுகளோடு இதனை ஒப்பிடுதல் தகும். அவை 3,12,500 அடிக்கப்பட்டன. அவற்றுள்ளும் பெரும்பாலானவை உருகி அழிந்தன. எனினும் ஆணைக்கு முன்னரே சில காசுகள் முறைப்படி வெளிச்சென்றிருந்தமையால், எஞ்சியவற்றை உடைமையாகக் கொள்வதற்குத் தடையில்லை. ஒரே அச்சுச்சாலை, ஒரே ஆண்டு, ஒரே தரப் பொன். ஆயினும் ஒன்று காசாகவும் மற்றொன்று களவுப் பொருளாகவும் கருதப்பட்டன. சில வாரக் கால வேறுபாடே இதற்குக் காரணம்.

மன்னரின் காசு

1944ஆம் ஆண்டில் இக்காசு ஒன்று ஏலத்திற்கு வரவிருந்தபோது எழுந்த ஐயம் அரசின் விசாரணைக்கு வழிவகுத்தது. அச்சுச்சாலையிலிருந்து சில காசுகள் களவாக வெளியேறிப் பிலடெல்பியா நகை வணிகர் ஒருவர் வழியே சேகரிப்போரைச் சென்றடைந்தன என விசாரணை அலுவலர்கள் முடிவு செய்தனர். ஒன்பது காசுகள் மீட்கப்பட்டு உருக்கப்பட்டன.

ஆனால் அவ்விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்னர், பிப்ரவரித் திங்களில், எகிப்து மன்னர் பரூக் வாங்கிய காசொன்றை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்ல அமெரிக்கக் கருவூலத் துறையே உரிமம் வழங்கியிருந்தது. உரிமம் வழங்கியோர் காசின் பின்னணியை அறியவில்லை. 1952இல் மன்னர் அரியணை இழந்தார். 1954இல் அவருடைய சேகரிப்பு கெய்ரோவில் ஏலமிடப்பட்டபோது, அமெரிக்க அரசு கேட்டுக்கொண்டதற்கிணங்க அக்காசு விலக்கப்பட்டது. அதன்பின் அது மறைந்தது.

1996ஆம் ஆண்டில் நியூயார்க்கு விடுதி ஒன்றில் பிரித்தானிய நாணய வணிகர் ஒருவரிடம் இத்தகைய காசு பிடிபட்டது. அது பரூக்கின் காசே என வாதிடப்பட்டது. பழைய உரிமத்தின் வலிமையால் 2001இல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. காசை ஏலமிட்டு வருவாயைப் பகிர்ந்துகொள்ள இரு தரப்பும் இசைந்தன. உலக வணிக மையத்தின் ஏழாம் கட்டடத்தில் காக்கப்பட்டிருந்த காசு, 2001 செப்டம்பரில் அக்கட்டடம் வீழ்வதற்கு ஏறத்தாழ இரு திங்கள் முன்னரே நாக்ஸ் கோட்டைக்கு மாற்றப்பட்டமையால் தப்பியது.

2002 ஜூலையில் அது 75,90,020 டாலருக்கு விற்றது. இத்தொகையின் இறுதியிலுள்ள இருபது டாலர் வரலாற்றுச் சிறப்புடையது. காசு முறைப்படி வழங்கப்படாதது ஆதலின், அதனைச் செலாவணியாக்குவதற்கு அதன் முகமதிப்பு கருவூலத்திற்குச் செலுத்தப்பட்டது. அடிக்கப்பட்டு 69 ஆண்டுகளுக்குப் பின்னரே அக்காசு காசாயிற்று. 2021 ஜூனில் அது மீண்டும் 1,88,72,250 டாலருக்கு விற்றது. அதுவரை எந்த நாணயத்திற்கும் ஏலத்தில் அத்தகைய விலை கிடைத்ததில்லை.

பத்துக் காசுகளின் வழக்கு

மேற்குறித்த நகை வணிகரின் குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்தில் பத்துக் காசுகளைக் கண்டெடுத்தனர். உண்மைத்தன்மையை உறுதிசெய்ய அவற்றை அச்சுச்சாலைக்கு அளித்தபோது, அவை அரசின் சொத்தெனக் கூறித் திருப்பித்தர அரசு மறுத்தது. 2011இல் நடுவர் குழு அரசின் பக்கம் தீர்ப்பளித்தது. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்ற அமர்வு குடும்பத்தாருக்குச் சாதகமாகத் தீர்ப்பளிக்க, 2016இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு அதனை மாற்றி அரசின் உரிமையை உறுதிசெய்தது. 2017இல் உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்தது. பரூக்கின் காசுக்கும் இப்பத்திற்கும் உலோகத்தால் வேறுபாடில்லை. அதற்கு ஓர் உரிமம் இருந்தது, இவற்றிற்கு இல்லை.

முடிவுரை

அருமை, நிலை, அழகு, கைம்மாறிய வரலாறு ஆகிய நான்கினையும் கொண்டு சேகரிப்போர் காசினை மதிப்பிடுவர். இக்காசைப் பொறுத்தவரை நான்காவதே ஏனையவற்றை விஞ்சி நிற்கிறது. அதன் அருமை இயல்பாக அமைந்ததன்று, அரசாணையால் விளைந்தது. அது எஞ்சியிருப்பதோ அலுவலர் அறியாது வழங்கிய ஓர் உரிமத்தால் விளைந்தது. உருக்கப்பட்டவற்றோடு இதுவும் உருகியிருப்பின் முப்பது கிராம் பொன்னாகவே முடிந்திருக்கும். முன்னாளில் அதே வடிவில் வழங்கிய காசுகளைப் போல இதுவும் கடைவீதிக்கு வந்திருப்பின், பலவற்றுள் ஒன்றாக இருந்திருக்கும்.

பொன்னை நிறுத்து மதிப்பிடலாம். அச்சினை அளந்து மதிப்பிடலாம். இவ்விரண்டும் இருந்தும், வழங்குவோர் வாக்கு இல்லாதவரை அது நாணயம் ஆகவில்லை. இருபது டாலர் செலுத்தி அவ்வாக்கினைப் பெற்ற ஒரு காசு ஏலக்கூடத்தில் விலை பெற்றது. பெறாத பத்தும் அரசின் காப்பில் உள்ளன. தமிழ்ச் சொல் தன்னுள் இணைத்து வைத்துள்ள இரு பொருளும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதற்கு இப்பொற்காசின் வரலாறு தக்க சான்றாக அமைகிறது.